எட்டாவது மூட்டு

"அடுத்த தடவ மூட்டு வாய் பொளந்துச்சுன்னா, உன் வெரல வெட்டித்தான் அந்த ஓட்டைய அடைப்பேன்" என்றான் டெரல்.

கத்திச் சொல்லியிருந்தால் ஷெல்லி பயந்திருக்க மாட்டாள். கத்தும்போது அவன் கோபம் வாயோடு போய்விடும். பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே, இன்றைக்கு மீன் வாங்க வேண்டாம் என்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னான் பாருங்கள், அப்படிச் சொன்னதை அவன் செய்யாமல் விட்டதே இல்லை. போன மாதம் இதே குரலில்தான் "கைய மேசையில வை" என்றான். அவளும் புத்தி கெட்டுப்போய் வைத்தாள். மரச்சுத்தியல் இறங்கிய இடத்தில் அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் கோணலாகத்தான் நிற்கிறது.

ஜெராமிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகிற சாலையோரம், செம்பனைத் தோட்டத்தின் விளிம்பில், தகரக் கூரை போட்ட பட்டறை அவர்களுடையது. பின்னால் ஒட்டினாற்போல வீடு. வீட்டில் புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும், டெரலின் அம்மா பிளோரன்ஸும். ஹோம்ஸ்டேக்காரர்களும் மீன்சாப்பாட்டுக் கடைக்காரர்களும் வாசலில் நிறுத்தி அழகு பார்க்கிற மரக் குடில்கள்தான் அவர்கள் பிழைப்பு. அறுப்பது ஷெல்லி. கோர்த்து ஒட்டுவது டெரல். வந்தவர்களிடம் பல்லைக் காட்டிப் பேசுவது, "நம்ம கை வேல அப்பிடி லா" என்று மார்தட்டிக்கொள்வது, அதுவும் டெரல்தான்.

குடிலின் உயிர் அதன் கூரையைத் தாங்குகிற மர வளையத்தில் இருக்கிறது. வளையம் என்றதும் வட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு மரத்துண்டுகளை முனையோடு முனை சேர்த்தால் வருகிற எட்டுப் பக்கம். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையையும் இருபத்திரண்டரை டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும். மொத்தம் பதினாறு வெட்டு. ஒரு வெட்டில் முடியளவு பிசகினால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. முதல் ஏழு மூட்டும் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். பதினாறு வெட்டின் பிசகும் ஒன்றுசேர்ந்து எட்டாவது மூட்டில் வந்து நிற்கும்போதுதான் அது விரல் நுழைகிற அளவுக்கு இளித்துக்கொண்டு நிற்கும். எங்கே தப்பு, எதனால் தப்பு என்று அந்த மூட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டெரலுக்கு அதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அறுத்தவள் எவளோ, தப்பும் அவளுடையதுதான்.

முதலில் வாய் பிளந்தது சுங்கை செம்பிலாங்கில் ஒரு மீன்கடைக்குச் செய்த வளையம். சத்தியமாக அது ஷெல்லியின் தப்பில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று டெரல் ஈரம் காயாத மரத்தை வாங்கிப் போட்டிருந்தான். அறுத்து வைத்த துண்டுகள் காயக் காயச் சுருங்கி, வெட்டின சாய்வு மாறிப்போய்விட்டது. "மரம் ஈரங்க" என்று அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், மரத்தை இறுக்கிப் பிடிக்கக் கையில் வைத்திருந்த இரும்புக் கிளாம்பை அவள் தலைக்குக் குறிவைத்து வீசினான். அவள் குனிந்துகொண்டாள். கிளாம்பு பின்னாலிருந்த அறுக்கும் மெஷினில் மோதிக் கீழே விழுந்தது. சுண்டுவிரல் உடைந்தது அன்றைக்குத்தான். மூட்டு பிளந்ததற்காக இல்லை, குனிந்ததற்காக. எறிகிறவனுக்குக் குறி தவறினால் கோபம் வராதா? அவன் நியாயம் அது.

ஆஸ்பத்திரியில் சுத்தியல் தவறிப் பட்டுவிட்டது என்றாள். பிளோரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பொய் சொல்ல மாட்டாள்; அடுத்தவர் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும், "அவன் களைச்சுப் போயி இருக்கறப்ப எதுக்கும்மா எதுத்துப் பேசுற" என்று ஒரு குவளை மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

இரண்டாவது வளையம் நன்றாகக் காய்ந்த மரம். அதுவும் வாய் பிளந்தது. டெரல் மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே சாயம் பூசி, மூச்சுவிடாமல் லோரியில் ஏற்றி அனுப்பினான். அனுப்பிவிட்டு வந்துதான் அந்த விரல் பேச்சைப் பேசினான்.

அறுக்கிறவளுக்கு விரல் என்பது வெறும் விரலா? மரத்தை அணைத்துப் பிடிப்பது, வெட்டின முகத்தைத் தடவிப் பார்த்து நேரா கோணலா என்று அறிவது, எல்லாமே அந்த நுனியில்தான் இருக்கிறது. அது போனால் ஷெல்லிக்குச் சோறும் இல்லை. சபாக்கில் இருக்கிற அக்கா லில்லியன் வீட்டுக்கு ஓடினாலும், கை நன்றாக இருந்தால்தான் போகிற இடத்தில் நாலு காசு பார்க்கலாம்.

மறுநாள் டெரல் மரம் எடுக்கப் போயிருந்தபோது அவள் சோதித்துப் பார்த்தாள். கழிவுக் கட்டையில் சின்னதாக நாலு துண்டு அறுத்தாள். நாலு துண்டைச் சேர்த்தால் பாதி வளையம். அதன் இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நேர்ச்சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். ஒரு பக்கம் கீற்றாக வெளிச்சம் கசிந்தது. மெஷினில் எண் சரியாகத்தான் நின்றது. பிறகு எங்கே போனது பிசகு? முட்டி போட்டு உட்கார்ந்து, மரம் சாய்ந்து நிற்கிற பின்பக்க இரும்புச் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். வலது ஓரத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு சொட்டை. சட்டம் முடியளவு பின்னுக்குப் போயிருந்தது. சொட்டையின் அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் எறிந்த கிளாம்பு பட்ட இடம்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளை அடிக்க எறிந்தது மெஷினில் பட்டு, மெஷின் கோணி, அந்தக் கோணலில் வளையம் பிளந்து, பிளந்ததற்கு அவள் விரலைக் கேட்கிறான். இதைப் போய் அவனிடம் சொல்ல முடியுமா? "நீங்க எறிஞ்சதுதாங்க காரணம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பட்டறையை விட்டு நடந்து வெளியே வருகிற தைரியம் யாருக்கு இருக்கிறது? பால் டின்னிலிருந்து ஒரு சின்னத் தகரத் துண்டை வெட்டி, சொட்டை விழுந்த இடத்தில் சட்டத்தின் மேல் ஒட்டினாள். மறுபடி நாலு துண்டு அறுத்து நேர்ச்சட்டம் வைத்தாள். வெளிச்சம் கசியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அடுத்த வளையம் பூட்டுப் போட்டது போல மூடிக்கொண்டது. எட்டாவது மூட்டில் நகம் கூட நுழையவில்லை. அந்த நேரம் பார்த்து பெர்னாட் வந்திருந்தார். தோட்டத்து மாதா கோயில் குழுவுக்கு அவர்தான் தலைவர். வெள்ளைச் சட்டை, பெரிய சிரிப்பு. மாதா சொரூபம் நிற்கிற கெபி மேல் கூரை போட வேண்டும், எட்டுப் பக்கமாக, மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வேண்டும் என்று கேட்டு வந்தவர், மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"எப்பிடி தம்பி இவ்ளோ சுத்தமா வருது?"

டெரல் ஷெல்லியின் உடைந்த விரலைத் தூக்கிக் காட்டினான். ஏதோ மாட்டுச் சந்தையில் மாட்டின் பல்லைக் காட்டுவது போல. "கைய நீட்டுனாத்தாண்ணே இவளுக்குக் கண்ணு தெரியுது. ஒண்ணு போட்டேன். இப்ப பாருங்க."

பெர்னாட் சிரித்தார். முழுதாகச் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தார். "பாத்து லா தம்பி, தங்கச்சி பாவம்" என்றார். வீட்டு வாசலில் நின்ற பிளோரன்ஸ், "எதுத்துப் பேசாதன்னு நான் அப்பவே சொல்லல?" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

ஷெல்லிக்கு உள்ளே எதுவோ அறுந்தது. விரல் தப்பியது, சரி. ஆனால் அவள் முட்டி போட்டுக் கண்டுபிடித்ததை, அவள் ஒட்டிய தகரத்தை, அவன் கை தின்றுவிட்டது. அடித்ததால் சரியானது என்று இனி இவனுக்கு வேதவாக்காகிவிடும் என்று அந்த நிமிடமே அவளுக்குப் பட்டது. பட்டபடியே நடந்தது.

அடுத்த வேலை ஒரு ஹோம்ஸ்டேக்கு. காலையில் மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன் டெரல் வழக்கம் போலச் சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம், "இங்க வா" என்றான். வந்தாள். கன்னத்தில் விட்டான் ஒன்று. காது கிண்ணென்றது.

"என்ன பண்ணேங்க?"

"ஒண்ணும் பண்ணல. பண்ணக்கூடாதுன்னுதான். போயி அறு."

கோபமே இல்லை அவன் முகத்தில். அதுதான் கொடுமை. தேங்காய் உடைத்துவிட்டு வண்டியை எடுக்கிறவன் போல, காரியம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்கிற அக்கறையோடு அடித்தான். வளையம் மூடிக்கொண்டது. மூடாமல் என்ன செய்யும், தகரம் அங்கேதானே இருக்கிறது? அதற்கடுத்த வளையத்துக்கும் சிலுவை, அடி, வேலை. சின்ன வளையம் என்றால் கன்னத்தில். பெரிய வளையம் என்றால் முதுகில், மரச்சட்டத்தால். அளவுக்குத் தக்க அடி. ஒரு நாள் போனில் யாரோ அவசரப்படுத்த, அடிக்க மறந்து அவளை அறுக்க விட்டுவிட்டான். பாதியில் ஞாபகம் வந்து, முகம் வெளிறி, ஓடிவந்து மெஷினை நிறுத்தி அடித்துவிட்டுப் போனான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான் பாவி. நம்புகிறான், மனசார நம்புகிறான் என்பது அன்றைக்குத்தான் ஷெல்லிக்கு முழுதாக விளங்கியது.

தகரத்தை எடுத்தால் விரல் போகும். தகரம் இருந்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் அடி. இந்த இரண்டுக்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டாள்.

மாதா கெபிக்கான மரம் வந்து இறங்கியது. பாலாவ் மரம், இரும்பு போலக் கனம். அவர்கள் செய்ததிலேயே பெரிய வளையம் அதுதான். ஒவ்வொரு துண்டையும் தூக்க இரண்டு பேர் வேண்டும். சாமியார் வந்து மந்திரிப்பார், சுற்று வட்டாரத் தோட்டத்து சனமெல்லாம் வந்து நிற்கும், டெரல் பெயர் சபாக் வரைக்கும் போகும். அத்தனை பெரிய வளையத்துக்கு எத்தனை பெரிய அடி? காலையில் அவன் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் ஹோஸை மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோதே அவள் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"வேணாங்க. நான் ஒழுங்கா அறுக்கறேன். சத்தியமா."

"தெரியும். அதுக்குத்தான்" என்றான்.

முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். மூன்றாவதில் அவள் குப்புற விழுந்து மரத்தூளைத் தின்றாள். எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பில் உதைத்தான். வீட்டுக்குள் பிளோரன்ஸ் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். ஜெபப் பாட்டு பட்டறை வரை வந்தது. அவன் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, நின்று, மறுபடி தொடங்கினான். இதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஒரு கட்டத்தில் அவள் வலியைக் கூட மறந்து, இன்னும் எத்தனை அடித்தால் இவனுக்குப் போதுமென்று தோன்றும், எதைக் கணக்கு வைத்து இவன் நிறுத்துவான் என்று யோசித்துக்கொண்டு கிடந்தாள். கணக்கு ஒன்றுமில்லை. கை சலித்ததும் நிறுத்தினான்.

"மொகத்தக் கழுவிட்டு வா. பத்து மணிக்குள்ள அறுத்தா மத்தியானம் ஒட்டிரலாம்."

முகத்தைக் கழுவினாள். வந்து மெஷின் முன்னால் நின்றாள். அவன் வெளியே போய்க் கட்டைகளைத் தரையில் அடுக்கத் தொடங்கினான். அவள் கை தானாகப் போய்ச் சட்டத்தின் மேலிருந்த தகரத் துண்டைப் பிய்த்து எடுத்தது.

விரல் போய்விடும் என்கிற பயம் இல்லாமலா? பயந்துகொண்டுதான் எடுத்தாள். ஆனால் அந்த நேரத்தில் விரலை விடப் பெரிதாக ஒன்று அவளுக்கு இருந்தது. அடித்தேன், மூடிக்கொண்டது என்று இன்னொரு தடவை அந்த வாய் சொல்லக் கூடாது. அத்தனை பேர் முன்னால், மாதா முன்னால், சொல்லவே கூடாது. அந்தச் சொல்லைக் கேட்பதை விட விரலைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது அவளுக்கு. அவன் திரும்பி வந்து ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பிடிக்க, பதினாறு வெட்டும் பிசகாமல் பிசகாக அறுத்துக் கொடுத்தாள்.

மத்தியான வெயில் தகரக் கூரையில் காய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. துண்டுகளைத் தரையில் அடுக்கிய கட்டைகள் மேல் வைத்து, முனைகளில் மர ஆணி செருகி, பசை தடவி ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் வழவழவென்று உட்கார்ந்தன. ஏழாவது மூட்டு உட்கார்ந்ததும் டெரல் விசிலடித்தான். எட்டாவதைத் தள்ளினான். தள்ளிக்கொண்டே இருந்தான். விசில் நின்றது.

விரல் ஒன்று தாராளமாக நுழைகிற இடைவெளி.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்ததை அவள் பார்த்தாள். ஏமாந்துபோன முகம். இத்தனை அடித்தும் ஏன் என்று கேட்கிற முகம். பார்த்த மாத்திரத்தில் அவள் நெஞ்சு குளிர்ந்தது, உடனே உறைந்தது.

"பசை காய்ஞ்சுரும்" என்றான், அந்தத் தாழ்ந்த குரலில். "இத மொதல்ல மூடுறேன். மூடிட்டு உன் கைக்கு வரேன்."

செம்பனைக் குலை ஏற்றுகிற லோரிகளில் கட்டுகிற அகலப் பெல்ட்டைத்தான் அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வளையத்தை இறுக்கப் பயன்படுத்துவார்கள். வளையத்தைச் சுற்றிப் பெல்ட்டைப் போட்டு, அதன் இரும்புப் பூட்டின் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல் பல்லாக இறுகும். நாலு தடவை ஆட்டினால் போதும், நல்ல மூட்டுக்கு. டெரல் ஆட்டினான். இடைவெளி பாதியானது. மேற்கொண்டு கை ஏறவில்லை. ஓரமாகக் கிடந்த நீட்டு இரும்புக் குழாயை எடுத்துக் கைப்பிடியில் செருகினான். அது செய்யக் கூடாத வேலை என்று பட்டறையில் வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் மரத்தோடு சண்டைக்கு நின்றான்.

பூட்டு இருந்தது வளையத்தின் அந்தப் பக்கம். பிளந்த மூட்டு இந்தப் பக்கம். அங்கிருந்து அவனுக்கு மூட்டு தெரியாது. "அங்கயே நில்லு. மூடிச்சான்னு பாத்துச் சொல்லு" என்றான்.

குழாயின் மேல் நெஞ்சை வைத்து அழுத்தினான். மரம் முனகியது. ஒரு பல் ஏறியது.

"மூடிச்சா?"

"இல்ல."

மறுபடி அழுத்தினான். நெற்றி நரம்பு புடைத்தது. மூட்டிலிருந்து பசை பிதுங்கி வழிந்தது. அவள் பக்கத்து மூலையில், மரத்தின் கூர்மையான விளிம்பு பட்ட இடத்தில், பெல்ட்டின் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறிப்பதை ஷெல்லி பார்த்தாள். பழைய பெல்ட். வெயிலில் கிடந்து வெளுத்தது.

"மூடிச்சாடி?"

"இன்னும் இல்ல."

அடுத்த பல் ஏறியபோது மூட்டு மூடிக்கொண்டது. சுத்தமாக மூடிக்கொண்டது. நகம் நுழையாது. மூடிச்சுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிறுத்திவிடுவான். நிறுத்திவிட்டு வளையத்தைச் சுற்றி வந்து பார்ப்பான். பார்த்துவிட்டுச் சிரிப்பான். லேட்டா மூடினாலும் மூடிச்சு பாத்தியா, அடி வீண் போவல என்பான். இழைகள் பாதிக்கு மேல் போய்விட்டன.

"மூடிச்சா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள் ஷெல்லி.

அவன் முழு உடம்பையும் குழாயின் மேல் போட்டான்.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பெல்ட் அறுந்த வேகத்தில் இரும்புப் பூட்டும் குழாயும் எகிறி அவன் முகத்தில் அறைந்தன. வளையம் இரண்டாகப் பிளந்து கட்டையிலிருந்து சரிந்து விழுந்தது. அவன் பின்னால் தூக்கி எறியப்பட்டு, அடுக்கியிருந்த பலகைகளில் மோதி உட்கார்ந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. வாயிலிருந்து பற்கள் மடியில் விழுந்தன. அவன் இரண்டு கையாலும் முகத்தைத் தேடினான். எங்கே தொட்டாலும் வலித்திருக்க வேண்டும், தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தான். கத்தப் பார்த்தான். கன்றுக்குட்டி கத்துவது போல ஒன்று வந்தது.

ஷெல்லி அசையாமல் நின்றாள். அவள் மனசில் இரக்கம் வரவில்லை. வர வேண்டுமே என்று காத்திருந்தாள், வரவில்லை. டிவி சத்தத்தைத் தாண்டி பிளோரன்ஸ் ஓடிவந்து, மகனைப் பார்த்து மார்பில் அறைந்துகொண்டு அலறிய பிறகுதான் ஷெல்லி போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கண் போனது போனதுதான். எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெர்னாட்டே பதில் சொல்லிவிட்டார்: பழைய பெல்ட், அவசரக்காரத் தம்பி. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆஸ்பத்திரி வாசலில் பெர்னாட் தயங்கித் தயங்கி, "கொடியேத்தம் வருது தங்கச்சி. வேற ஆளப் பாக்கட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

புது மரம் வந்தது. தூக்கிக் கொடுக்கக் கோயில் குழுவிலிருந்து இரண்டு ஆள் வந்தார்கள். தகரத் துண்டை இருந்த இடத்தில் ஒட்டி, சோதனைக்கு நாலு துண்டு அறுத்துப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பதினாறு வெட்டையும் வெட்டினாள். முதுகுக் காயம் இன்னும் ஆறவில்லை, குனிந்தால் இழுத்தது. ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பட்டறையில் அவள் பயமில்லாமல் நின்றது அன்றைக்குத்தான். அதற்குள் டெரலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டறை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு கண்ணுக்குத் துணி கட்டி, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எட்டாவது மூட்டை அவள் உள்ளங்கையால் தள்ளினாள். போய் உட்கார்ந்துகொண்டது. பெல்ட்டை ஒப்புக்கு ஒரு சுற்றுப் போட்டாள். அவ்வளவுதான் வேலை. பசை காய்ந்து, ஆட்கள் வளையத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அவன் எதிரே வந்து நின்றாள். இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"பாத்தீங்களா? யாரும் யாரையும் அடிக்கல. மூடிக்கிச்சு." மெஷினிலிருந்து தகரத் துண்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். கிளாம்பு பட்ட சொட்டையைக் காட்டினாள். அவன் எறிந்தது, சட்டம் பின்னுக்குப் போனது, தகரம் ஒட்டியது, எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். "இதான். இது இருந்தா மூடும். இல்லன்னா பொளக்கும். உங்க அடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவன் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவான், அழுவான், மன்னிப்புக் கேட்கவும் கூடும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவன் மெல்லத் தலையாட்டினான். இல்லை என்று. கம்பி கட்டின பல் இடுக்கு வழியாக, எச்சில் ஒழுக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"தகரம் இல்ல லா. இந்தத் தடவ அடி எனக்கு விழுந்துச்சு. அதான் மூடிச்சு."



"யாருக்காச்சும் விழணும்" என்றான் அவன். அந்த ஒற்றைக் கண்ணில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. "அடுத்த வளையத்துக்கு எனக்குக் கை ஓங்க முடியாது. நீ வேணும்னா என்ன அடி. ஒண்ணுதான். மெதுவா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அடிபடாத கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.

ஷெல்லி அடித்தாள். யோசிக்கவில்லை. கை போய் விழுந்தது. சத்தம் தகரக் கூரையில் எதிரொலித்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு நாற்காலியோடு அவன் சரிந்து கீழே விழுந்தான், முனகினான், தடுக்கவில்லை. அவள் அவன் மேல் குனிந்து நின்றாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவளுக்கு இனித்தது. பசித்தவள் வாயில் முதல் கவளம் விழுந்த மாதிரி, அப்படி ஓர் இனிப்பு. நாலாவது அடிக்குக் கை தானாக உயர்ந்து நின்றது. எங்கே அடித்தால் இன்னும் வலிக்கும் என்று, கம்பி கட்டின தாடையைக் கண் தேடிக்கொண்டிருந்தது. அதைத் தேடுவது தன் கண்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

கையை இறக்கினாள். வீட்டுக்குள் போய்க் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "எங்கம்மா போற, அவன் கீழ விழுந்து கெடக்கறான்" என்று பிளோரன்ஸ் பின்னாலேயே வந்தாள். "அக்கா வீட்டுக்கு, அத்த" என்றாள் ஷெல்லி. வேறெதுவும் சொல்லவில்லை.

சாலையோரம் வெயிலில் நின்றாள். அவனுக்குப் பயந்து அவள் ஓடவில்லை. அந்தப் பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கோலசிலாங்கூர் பஸ் வந்து நின்றபோது வலது உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஆர்டர் வருகிறவரை அங்கே இருந்தால், மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் தானே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அடிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, சபாக் போக எங்கே மாற வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.